கோஸ்டரில் எந்த சீட்டில் உட்கார்ந்தால் வயிறு கலங்காது?
அபுதாபியில் முதல்தடவை ரோலர் கோஸ்டர் ஏறப்போகும் ஹட்டன் தம்பி கேட்டிருந்த கேள்வி இது. நடுவில் உட்காருங்கள் தம்பி. சாதாரணக் கோஸ்டரைச் சங்கிலி உச்சிவரை இழுத்துவிடும், அப்புறம் எஞ்சின் கிடையாது, எடைதான் ஓட்டுகிறது. முன்பெட்டி உச்சியைத் தாண்டும்போது இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் பின்பெட்டிகள் பிடித்து இழுப்பதால் அது மெதுவாகத் தொங்கும். கடைசிப்பெட்டி உச்சிக்கு வருவதற்குள் முன்னால் போனவை எல்லாம் சரிந்துவிட, அதை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போகும், உடம்பு சீட்டைவிட்டுக் கிளம்புவது அங்கேதான். விழமாட்டீர்கள், சீட்டின் பாதுகாப்புக் கம்பி பிடித்துக்கொள்ளும்; பெட்டியும் கழன்று போகாது, தண்டவாளத்துக்கு அடியிலும் சக்கரம் இருக்கிறது. றம்பொடை வளைவுகளில் பஸ்ஸின் கடைசி சீட்டில் தூங்குகிற ஆளென்றால் பின்னாலேயே ஏறலாம். ஆனால் அபுதாபி ஃபெராரி வேர்ல்டில் உள்ள ஃபார்முலா ரோஸ்ஸா கோஸ்டர் வேறு ரகம்: சங்கிலி இல்லை, சுமார் 5 செக்கனில் மணிக்கு 240 கிலோமீற்றர், கண்ணுக்குக் கண்ணாடி மாட்டித்தான் ஏற்றுவார்கள்.