ஆறு வாரக் குழந்தைக்கு வசம்பு உரசிக் கொடுக்கலாமா?

வேண்டாம் தங்கச்சி. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். வசம்பில் நஞ்சு உண்டு, தேனில் குழைத்தால் இன்னும் ஆபத்து. வசம்பு கொடுக்கச் சொல்லும் ஆச்சியின் மனம் நோகாமல், பிள்ளையைத் தோளில் போட்டு நடக்கிற வேலையை அவர்களிடம் கொடுங்கள்.

சாயங்காலம் ஏழு மணிக்குத் தொடங்கி நடுராத்திரி வரை காலை மடக்கி வீறிடுகிறாள், பகலில் நன்றாகக் குடிக்கிறாள், எடையும் ஏறுகிறது என்கிறீர்கள். அப்படியானால் பெரும்பாலும் கோலிக்தான், அதாவது நோய் எதுவும் இல்லாமலே பச்சைக் குழந்தை நெடுநேரம் வீறிட்டு அழுவது. இந்த வயதில்தான் உச்சம். மூன்று, நான்கு மாதத்தில் தானாக அடங்கும்.

காற்றை விழுங்குவதும் ஒரு காரணமாக இருக்கலாம். பால் குடிக்கும்போது காது கொடுத்துக் கேளுங்கள். ‘டொக் டொக்’ என்று நாக்குச் சத்தம் வந்தால் வாய் சரியாகப் பற்றவில்லை. காம்பு மட்டுமல்ல, கருவட்டமும் வாய்க்குள் போகவேண்டும். அப்புறம் நிமிர்த்திப் பிடித்து ஏப்பம் எடுக்க வையுங்கள். கால் விரல்களையும் விரித்துப் பாருங்கள். உங்கள் தலைமுடி ஒன்று சுற்றி இறுகியிருந்தாலும் இப்படித்தான் அழுவாள்.

100.4 டிகிரி காய்ச்சல், பச்சை வாந்தி, மலத்தில் ரத்தம், பால் மறுப்பு, இதில் எது வந்தாலும் உங்கள் ஊர் அம்பாசமுத்திரத்திலேயே விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

ஒன்று மட்டும்: எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் பிள்ளையை உலுக்கக் கூடாது. தாங்கவில்லை என்றால் பாயில் மல்லாக்கக் கிடத்திவிட்டு, பத்து நிமிடம் முற்றத்தில் போய் நில்லுங்கள்.