தட்டில் உள்ள எண்ணை நம்பி 1965 பேஸ் கிட்டாரை வாங்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறேன். பக்கத்து ஊரில் காலமான ஒருவரின் வீட்டுச் சாமான்களை விற்கிறார்கள். அதில் ஒரு ஃபெண்டர் ஜாஸ் பேஸ், ஒரு பேஸ்மேன் ஆம்ப், அதன் ஸ்பீக்கர் பெட்டி. பேஸின் பின்பக்கத் தட்டில் ‘எல்’ எழுத்தில் தொடங்கும் எண் இருக்கிறது. “1965, எல்லாமே ஒரிஜினல்” என்கிறார் மகன். ஆம்பை இருபது வருடமாகப் போடவில்லையாம். வாங்கலாமா? வாங்கினால் பாலிஷ் போட்டுப் புதுசாக்கலாமா? இரண்டு வருடத்தில் சென்னை திரும்புகிறோம், அங்கே கொண்டுபோக முடியுமா?

பதில்: முதலில் ஆம்ப். வேலை செய்கிறது என்று நிரூபிக்க, விற்பவர் நல்ல மனசோடுதான் பிளக்கைக் கையில் எடுப்பார். சொருக விடாதீர்கள். வால்வு ஆம்புக்குள் மின்சாரத்தைச் சீராக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் இருக்கும். இத்தனை வருடத்தில் அவற்றின் உள்ளே இருக்கும் ஈரப்பசை காய்ந்திருக்கும். சும்மா கிடந்ததன் மேல் திடீரென்று 400 வோல்ட்டுக்கு மேல் பாய்ந்தால் ஏதோ ஒன்று ஷார்ட் ஆகலாம். அது தன்னோடு மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரையும் இழுத்துக்கொண்டு போகலாம். கெபாசிட்டர் போனால் சில்லறைச் செலவு. அசல் டிரான்ஸ்ஃபார்மர் போனால் ஆம்பின் மதிப்பில் பெரிய துண்டு போச்சு.

இன்னொரு ஆபத்து வயரில் இருக்கிறது. அந்தக் காலத்து ஆம்பில் இரண்டு பின் பிளக்தான், எர்த் கிடையாது. பின்னால் ‘கிரவுண்ட்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதிலிருந்து ஒரு கெபாசிட்டர் நேராக ஆம்பின் உலோகச் சட்டத்துக்குப் போகும். அது பழுதானால் மெயின்ஸ் மின்சாரம் உங்கள் கிட்டார் கம்பிக்கே வந்துவிடும். வால்வு ஆம்ப் தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுத்து மூன்று பின் வயர் போட்டு, அந்தக் கெபாசிட்டரைத் துண்டித்து, எலக்ட்ரோலிட்டிக்குகளை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். இதனால் மதிப்பு குறையுமே என்று பயப்பட வேண்டாம். பழைய காருக்கு டயர் மாற்றுவது போலத்தான் சந்தை இதைப் பார்க்கிறது. கழற்றியதையெல்லாம் ஒரு கவரில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே நீல நிறத்தில் உருளையாக இருக்கும் கெபாசிட்டர்களை, பழுதில்லாவிட்டால், தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். நீங்களே திறந்து பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும்.

ஆம்பின் வயதைத் திறக்காமலே பார்க்கலாம். மரப்பெட்டியின் உட்புறம் வால்வுகளின் பட்டியல் ஒட்டிய காகிதம் இருக்கும், அதில் இரண்டு ஆங்கில எழுத்து முத்திரை. முதல் எழுத்து வருடம் (‘ஏ’ என்றால் 1951), இரண்டாவது மாதம். ‘ஓ’, ‘சி’ என்று இருந்தால் 1965 மார்ச். ஓசி என்று எழுதிய ஆம்பை யாரும் ஓசியில் தரமாட்டார்கள், அது வேறு விஷயம். ஸ்பீக்கரின் விளிம்பில் உள்ள எண் 465 என்று தொடங்கினால் ஆக்ஸ்ஃபோர்டு தயாரிப்பு, 220 என்றால் ஜென்சன்.

இப்போது பேஸ். ‘எல்’ வரிசைத் தட்டுகள் 1965 வரை வந்தவைதான். ஆனால் தட்டு என்பது நான்கு திருகில் நிற்கும் ஒரு தகடு. தொழிற்சாலையிலேயே பெட்டியில் கைக்குக் கிடைத்ததை எடுத்துப் பூட்டினார்கள், எண் வரிசையாகப் போகாது. பிறகு யாரும் மாற்றியும் இருக்கலாம். நான் ஒரு முறை தட்டை மட்டும் பார்த்து ‘1963’ பேஸ் ஒன்றை வாங்கி, வீட்டில் வந்து திறந்தேன். குமிழ்களுக்கு அடியில் இருந்த ‘பாட்’ (சத்தத்தையும் தொனியையும் கூட்டிக் குறைக்கும் பொட்டென்ஷியோமீட்டர்) மூன்றும் 1972. பாடி எந்த வருடம் என்று இன்றுவரை தெரியாது.

அதனால் பணம் கொடுக்கும் முன் நெக்கைக் கழற்ற அனுமதி கேளுங்கள். கம்பிகளைத் தளர்த்திவிட்டு நான்கு திருகையும் எடுத்தால், நெக்கின் அடிப்பக்கத்தில் மாதமும் வருடமும் முத்திரையாக இருக்கும். முத்திரையின் கடைசியில் ‘ஏ’ என்று இருந்தால் அது நெக்கின் அகலத்தைக் குறிக்கிறது. நெக் உட்காரும் குழியையும் பாருங்கள். பெயின்ட் அடிக்கும்போது பிடித்துக்கொள்ள அங்கே ஒரு குச்சியைத் திருகியிருப்பார்கள். குச்சி இருந்த இடம் பெயின்ட் படாமல் பட்டையாகத் தெரியும். குழி முழுக்க மொழுமொழுவென்று பெயின்ட் இருந்தால் யாரோ மறுபடி அடித்திருக்கிறார்கள்.

பாட்டின் முதுகில் உள்ள எண்ணில் முதல் மூன்று இலக்கம் கம்பெனி (137 சிடிஎஸ், 304 ஸ்டாக்போல்), அடுத்தது வருடம், கடைசி இரண்டும் வாரம். 137 65 12 என்றால் 1965-ன் 12-வது வாரம். பாட் நெக்கைவிடச் சில மாதம் முந்தியிருந்தால் இயல்பு. பிந்தியிருந்தால் ஈயப் பற்றுகளை உற்றுப் பாருங்கள், பழைய பற்றின் மேல் புதுசு ஏறியிருக்கும். 1966-ல் ஃபெண்டர் மொத்தமாக வாங்கிக் குவித்த பாட்கள் 1969 வரைக்கும் ஓடின. ஆகவே பாட் சொல்வது, கிட்டார் இதற்கு முன் செய்யப்படவில்லை என்பதை மட்டும்தான்.

“சிபிஎஸ்-க்கு முந்தியது” என்று விற்பவர் விலையை ஏற்றினால் சிரித்துக்கொண்டே கேளுங்கள். 1965 ஜனவரியில் லியோ ஃபெண்டர் 1.3 கோடி டாலருக்குத் தன் கம்பெனியை சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனத்துக்கு விற்றார். கையெழுத்தானதும் ஃபுல்லர்டன் தொழிற்சாலையில் ஆட்களும் மரமும் மாறிவிடவில்லை. அந்த வருட பேஸ்களுக்கு அந்தப் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

பாலிஷ்? வேண்டவே வேண்டாம். நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்டின் மெல்லிய வெடிப்பும் கை பட்டுத் தேய்ந்த இடமும்தான் அதன் அடையாளம். மறுபடி பெயின்ட் அடித்த கிட்டார் ஏறக்குறைய பாதி விலைதான் போகும். ஈரத்தைப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும்.

சென்னைக்கு. இந்த ஆம்ப் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் ஊர் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேராகச் சொருகினால் அன்றோடு கதை முடிந்தது. குறைந்தது 500 விஏ (வோல்ட் ஆம்பியர்) தாங்கும், வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். 60-க்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் 50-ல் கூடுதலாகச் சூடாகும், ஆகவே 120-ஐ விட 110 வோல்ட் தருவது நல்லது. மலிவானவற்றில் வெளிவரும் பக்கம் எர்த் இருக்காது. அப்படி இருந்தால் மூன்று பின் வயர் போட்டதே வீண்.

பேஸுக்கு வேறொரு சிக்கல். 1965-ல் செய்த ஃப்ரெட் போர்டு (நெக்கின் மேல் விரல் வைக்கும் பலகை) பிரேசில் ரோஸ்வுட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். அறுபதுகளின் நடுவில்தான் ஃபெண்டர் இந்திய ரோஸ்வுட்டுக்கு, அதாவது நம் ஈட்டி மரத்துக்கு, மாறியது. பிரேசில் மரம் 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் முதல் அட்டவணையில் இருக்கிறது; அனுமதி இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல்கூட ஆகலாம். டிக்கெட் போடுவதற்குச் சில மாதங்கள் முன்பே அமெரிக்க மீன், வனவிலங்குத் துறையிடம் விண்ணப்பியுங்கள். நெக்கைக் கழற்றும் அன்றே அந்த முத்திரையைத் தெளிவாகப் படமெடுத்து வையுங்கள். மரம் 1992-க்கு முந்தியது என்று காட்ட அந்தப் படம் உதவும்.