கேட்டா சொல்றோம்: பாயசக் கடனை எதால வகுக்கலாம்?

கேள்வி: அண்ணே, குடும்பத்தோட அம்பலப்புழை கோயிலுக்குப் போயிருந்தோம். கிருஷ்ணர் கிழவர் வேஷத்துல வந்து ராஜாகிட்ட சதுரங்கம் ஆடி ஜெயிச்சு, முதல் கட்டத்துக்கு ஒரு அரிசி, அடுத்ததுக்கு ரெண்டு, அப்புறம் நாலுன்னு 64 கட்டத்துக்கும் கேட்டாராம், அந்தக் கடனுக்குத்தான் இன்னும் பால்பாயசம் குடுக்கறாங்கன்னு அங்க கதை சொன்னாங்க. மொத்தம் 18446744073709551615 அரிசி. எட்டாவது படிக்கற எம்பொண்ணு, இது 3ஆலயும் 5ஆலயும் வகுபடும்ப்பா, வேற எதாலன்னு கண்டுபுடின்னுட்டு ட்யூஷன் போயிட்டா. போன் கால்குலேட்டர்ல போட்டா கடைசி இலக்கமெல்லாம் காணாமப் போயிருது.
– ஒரு அப்பா, கொழிஞ்சாம்பாறை

பதில்: கால்குலேட்டர் மேல கோவப்படாதீங்க, நெறைய கால்குலேட்டர் ஒரு 15, 16 இலக்கத்துக்கு மேல ஞாபகம் வச்சுக்காது, இதுல 20 இருக்கு. பாப்பா சொன்னது ரெண்டும் கரெக்ட்டுங்க. கடைசியில 5 இருக்கறது தெரியுது, எல்லா இலக்கத்தையும் கூட்டுனா 87, அது 3ஆல வகுபடும், 9ஆல வகுபடாது.

மீதிய நேரா வகுத்துப் பாக்க உக்காந்தா விடிஞ்சிரும், அதனால பலகைக்கே வாங்க. முதல் ரெண்டு கட்டத்துல மொத்தம் 3 அரிசி, நாலு கட்டத்துல 15, எட்டுல 255. இந்த 15ங்கறது 3ஐ 5ஆல பெருக்குனது, 255ங்கறது 15ஐ 17ஆல பெருக்குனது, அதாவது இருக்கற மொத்தத்தோட 2ஐக் கூட்டி அதாலயே பெருக்குனா டபுள் கட்டத்துக்கான கணக்கு வந்துருது. (எனக்கு இந்தப் பலகையில ரொம்பப் புடிச்ச எடமே இதுதான்.) அப்ப 16 கட்டத்துக்கு 257ஆல பெருக்கி 65535, பாதிப் பலகைக்கு 65537ஆல பெருக்கி 4294967295, முழுசுக்கு அதை 4294967297ஆல பெருக்கணும். இப்ப 17, 257, 65537 மூணும் கையில வந்தாச்சு, மூணுமே பகா எண்.

கடைசியா வந்த 4294967297தான் வில்லங்கம். ஃபெர்மாங்கற பிரெஞ்சுக்காரர் இதுவும் பகா எண்ணுதான்னு நம்பிட்டிருந்தார், பெரிய ஆளுதான், ஆனா இங்க சறுக்கிட்டார். 1732ல ஆய்லர் இது 641ஆல வகுபடும்னு காட்டிட்டார், ஈவு 6700417, அதுவும் பகா எண். 641 எப்படிக் கெடைக்கும்னா, இந்த நம்பரை வகுக்கற எதுவா இருந்தாலும் 64ஓட மடங்குல 1 கூட்டுனதாத்தான் இருக்கணும்னு ஒரு விதி இருக்கு, அந்த வரிசையில வர்ற பகா எண்களை மட்டும் பாத்தா 193, 257, 449, 577, அஞ்சாவதே 641. பேப்பர் பேனாவுலயே முடியற வேலைங்க.

ஆக மொத்தம் ஏழு பகா எண், ஒவ்வொண்ணும் ஒரே தடவை: 3, 5, 17, 257, 641, 65537, 6700417. இதுகள விதவிதமாச் சேத்துப் பெருக்குனா 1ஐயும் அந்த நம்பரையும் சேத்து மொத்தம் 128 வகுஎண் கெடைக்கும். பாப்பா ட்யூஷன் விட்டு வந்ததும் 641ஐ மட்டும் மொதல்ல சொல்லுங்க, மத்ததை அவளே கண்டுபுடிக்கட்டும்.