ஷேர்ட் ஹோஸ்டிங்கை (ஒரே சர்வரைப் பல தளங்கள் பகிர்ந்துகொள்ளும் வாடகை இடத்தை) விட்டு வேறு இடத்துக்கு மாறினால் இணையதளத்தின் வேகம் உண்மையிலேயே கூடுமா?

கூடும். என் தளத்தில் முதல் பைட் (பக்கத்தைக் கேட்டதும் சர்வரிலிருந்து வரும் முதல் துளித் தரவு) வந்து சேர 2.8 நொடி ஆகிக்கொண்டிருந்தது, இப்போது 0.3 நொடியில் வந்துவிடுகிறது. ஆனால் அந்த இரண்டரை நொடியும் இடம் மாறியதால் மட்டுமே மிச்சமானது என்று சொன்னால் அது பொய். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இடம் மாறியதால் வந்தது, மீதி நான் தளத்தைச் சுத்தம் செய்ததால் வந்தது.

நீங்கள் வேர்ட்பிரஸ் (தளம் நடத்த உதவும் மென்பொருள்) வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முதல் வருடம் மலிவாகக் கொடுத்து, புதுப்பிக்கும்போது மூன்று மடங்கு கேட்கும் திட்டமாக இருக்கும். பகலில் சுமாராகத் திறக்கும், இரவு எட்டு மணிக்கு மேல் சுற்றிக்கொண்டே இருக்கும். உதவி கேட்டால் "உங்கள் பிளகின்கள்தான் காரணம்" என்பார்கள், அதாவது வேர்ட்பிரஸோடு நாம் சேர்க்கும் துணை நிரல்கள். இரண்டு வருடம் இதைக் கேட்டவன் நான். அதனால்தான் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சாத்தூரில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கு இலவசமாக வகுப்பு எடுக்கிறோம். நேரில் வர முடியாதவர்களுக்காக 2016-ல் ஒரு தளம் தொடங்கினேன். பாடக் குறிப்புகள், பழைய வினாத்தாள்கள், தேர்வு முடிந்த அன்றே நாங்கள் தயாரித்துப் போடும் விடைக்குறிப்பு, இவ்வளவுதான் அதில் இருக்கும். படிக்க வருபவர்கள் பெரும்பாலும் பழைய போனில், கிராமத்து சிக்னலில் வருபவர்கள். பக்கம் திறக்க ஐந்து நொடி ஆனால் அவர்களுடைய டேட்டாவும் பொறுமையும் சேர்ந்தே போகிறது.

2022 ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை, குரூப் 4 தேர்வு. சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்திருந்த தேர்வு அது. பகல் பன்னிரண்டரைக்கு முடிந்தது. 200 கேள்விகளுக்கும் பள்ளிப் புத்தகங்களைப் புரட்டி, சந்தேகமானவற்றை இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்த்து, மூன்று மணிக்கு விடைக்குறிப்பைப் போட்டோம். மூன்றேகாலுக்குத் தளம் விழுந்தது. வெள்ளைப் பக்கத்தில் 508 என்ற எண், அதன் கீழே "ரிசோர்ஸ் லிமிட் இஸ் ரீச்ட்" என்ற ஒரு வரி. அரை மணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் எழும், மறுபடி விழும். இரவு பதினொன்று வரை இப்படியே போனது. ஹோஸ்டிங் நிறுவனத்தின் சாட்டில் நாலு மணி நேரம் காத்திருந்ததற்குக் கிடைத்த பதில், "பெரிய திட்டத்துக்கு மாறுங்கள்" என்பதுதான். இடையில் கோவில்பட்டிப் பக்கத்து மாணவி ஒருத்தி அனுப்பிய வாட்ஸ்அப்: "அண்ணா, சைட் ஓபன் ஆகல, 67-வது கேள்விக்கு மட்டும் ஆன்சர் சொல்லுங்க, வேற எதுவும் வேணாம்." அதைப் படித்த பிறகுதான் மாறியே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அந்த 508 என்ன என்று தேடிப் படித்தேன், அதை நீங்களும் தெரிந்துகொள்வது நல்லது. ஷேர்ட் ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கும். ஒருவர் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளாமல் இருக்க, கிளவுட்லினக்ஸ் போன்ற மென்பொருள் வைத்து ஒவ்வொரு கணக்குக்கும் எல்லை போட்டிருப்பார்கள். என் திட்டத்தில் ஒரு சிபியு கோர், 1 ஜிபி நினைவகம், 20 எண்ட்ரி பிராசஸ். அதாவது ஒரே கணத்தில் 20 பக்கங்களுக்கு மேல் பிஎச்பி (வேர்ட்பிரஸ் பக்கங்களை உருவாக்கும் நிரல்மொழி) வேலை செய்யாது, 21-வதாக வருபவருக்கு 508. என் தளம் ஒரு பக்கத்தை உருவாக்க 2 நொடி எடுத்துக்கொண்டிருந்தது. 20 இடம், ஒவ்வொன்றுக்கும் 2 நொடி என்றால் நொடிக்கு 10 பக்கம்தான் வெளியே போகும். பக்கம் 0.2 நொடியில் தயாரானால் அதே 20 இடத்தில் நொடிக்கு 100 பக்கம் போகும். வேகமும் கூட்டத்தைத் தாங்குவதும் வேறு வேறு என்று அதுவரை நினைத்திருந்தேன். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது. உங்கள் சிபேனலில் (ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் பக்கத்தில்) ரிசோர்ஸ் யூசேஜ் என்ற பகுதி இருந்தால் திறந்து பாருங்கள். எல்லையை எத்தனை முறை முட்டியிருக்கிறீர்கள் என்று அதிலேயே இருக்கும்.

இன்னொன்று தூரம். என் சர்வர் அமெரிக்காவில் இருந்தது, வாங்கும்போது அதையெல்லாம் பார்க்கவில்லை. சாத்தூரிலிருந்து பிங் (சர்வருக்கு ஒரு சிறு செய்தி போய்வரும் நேரத்தை அளக்கும் சோதனை) கொடுத்தால் போய்வர 260 மில்லிநொடி. ஒளியிழைக் கேபிளில் ஒளியே நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும், அதை எந்தப் பிளகினாலும் மாற்ற முடியாது. பக்கத்தின் முதல் பைட் வருவதற்கு முன் இணைப்பு ஏற்படுத்த ஒரு சுற்று, பூட்டுக்குறி போடும் டிஎல்எஸ் 1.3-க்கு ஒரு சுற்று, பக்கத்தைக் கேட்டு வாங்க ஒரு சுற்று. மூன்று முறை போய்வந்தால் முக்கால் நொடிக்கு மேல். சர்வர் ஒரு வேலையும் செய்யாமலே அவ்வளவு போய்விடுகிறது. முதல் பைட் 0.8 நொடிக்குள் வந்தால் நல்லது என்பது கூகுள் சொல்லும் அளவு. எனக்கு அந்த 0.8 நொடி கடலிலேயே தீர்ந்துகொண்டிருந்தது.

பெங்களூரில் 1 ஜிபி விபிஎஸ் (ஒரு சர்வரில் நமக்கென்று தனியாக ஒதுக்கிய பகுதி) ஒன்று எடுத்தேன், மாதம் 6 டாலர், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. நிறுவனத்தின் பெயரைச் சொன்னால் விளம்பரம் என்று இரண்டு பேர் வருவார்கள், அதனால் எது என்று சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னால் டிஜிட்டல் ஓஷனுக்கு பெங்களூரிலும், அமேசானுக்கு மும்பையிலும், லினோடை வாங்கிய அகமாய்க்கு மும்பை, சென்னை இரண்டிலும் சர்வர்கள் இருக்கின்றன. நம் ஊர் வாசகர்களுக்கு இவற்றில் எதுவானாலும் அமெரிக்காவைவிடப் பக்கம். எனக்குப் போய்வரும் நேரம் 260-லிருந்து 30 மில்லிநொடியானது.

மாறும்போது இரண்டு இடத்தில் அடிபட்டேன். தமிழில் எழுதுகிறீர்கள் என்றால் முதலாவதைக் கவனமாகப் படியுங்கள். தரவுத்தளத்தை எடுத்துப் புதிய இடத்தில் ஏற்றியதும் ஆறு வருடக் குறிப்புகளும் கிறுக்கலாக நின்றன. பழைய அட்டவணைகள் லத்தீன்1 (ஐரோப்பிய எழுத்துகளுக்கான குறியாக்கம்) என்று குறிக்கப்பட்டிருந்தன, உள்ளே இருந்ததோ யூடிஎஃப்-8 (எல்லா மொழிகளுக்குமான குறியாக்கம்) தமிழ். தமிழின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8-ல் 3 பைட். அதை லத்தீன் என்று நினைத்துப் படித்தால் நம்முடைய ஒரு "க", "à®•" என்று மூன்று தனிக் குறிகளாகத் தெரியும். அன்று இரவு கை நடுங்கியது. பழைய இடத்தில் மூலம் அப்படியே இருந்ததால் தப்பித்தேன். லத்தீன்1 என்றே சொல்லி வெளியே எடுத்து, கோப்பில் உள்ள அட்டவணைக் குறிப்புகளை யூடிஎஃப்8எம்பி4 (தரவுத்தளத்தில் முழு யூடிஎஃப்-8-க்கான பெயர்) என்று மாற்றி, மறுபடி ஏற்றியதும் எழுத்துகள் திரும்ப வந்தன. புதிய இடத்தில் பத்துப் பக்கமாவது திறந்து படித்துப் பார்க்காமல் பழைய கணக்கை மூடிவிடாதீர்கள். நான் ஒரு மாதம் இரண்டுக்கும் பணம் கட்டினேன், அது வீண்செலவு என்று நினைக்கவில்லை.

இரண்டாவது, மின்னஞ்சல். தளத்தின் பெயரில் ஒரு முகவரி வைத்திருந்தோம், அது பழைய சிபேனலோடு வந்தது. நேம்சர்வரை (தளப் பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வதை) மாற்றியபோது எம்எக்ஸ் பதிவைப் (மடல்கள் எங்கே போக வேண்டும் என்று சொல்வதை) புதிய இடத்தில் எழுத மறந்துவிட்டேன். தளம் திறந்ததால் எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றியது. ஆறு நாள் ஒரு மடலும் வரவில்லை என்பதை ஏழாம் நாள்தான் கவனித்தேன். அனுப்பியவர்களின் சர்வர்கள் சில நாள் முயன்றுவிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கின்றன.

அப்புறம் ஒரு ஏமாற்றம். மாறிய முதல் நாள் அளந்தபோது 1.2 நொடி. 2.8-க்கு இது பரவாயில்லை, ஆனால் நான் எதிர்பார்த்தது இதுவல்ல. தோண்டிப் பார்த்தால் வேர்ட்பிரஸின் ஆப்ஷன்ஸ் அட்டவணையில், எப்போதோ நீக்கிய பிளகின்கள் விட்டுப்போன குப்பை 6 எம்பி கிடந்தது. ஆட்டோலோட் என்று குறித்த வரிகள் ஒவ்வொரு பக்கத்துக்கும் முழுவதுமாக ஏற்றப்படும். (2024-ல் வந்த வேர்ட்பிரஸ் 6.6 முதல் இது 800 கேபி-யைத் தாண்டினால் சைட் ஹெல்த் பக்கமே எச்சரிக்கிறது. எனக்கு அந்த உதவி அப்போது இல்லை.) அதைத் துடைத்து, பிஎச்பி பதிப்பை உயர்த்தி, ஓபிகேஷைச் (பிஎச்பி நிரலைத் தயார் நிலையில் நினைவகத்தில் வைத்திருக்கும் வசதியை) சரியாக வைத்ததும் 0.3-க்கு வந்தது. அதில் பயணம் போக பக்கத்தை உருவாக்க ஆவது 0.2 நொடிதான்.

"அப்படியானால் அதைப் பழைய இடத்திலேயே செய்திருக்கலாமே, பிளகின்தான் காரணம் என்று அவர்கள் சொன்னது சரிதானே?" என்று கேட்பீர்கள். பாதி சரி. எந்தப் பிளகின், எந்த அட்டவணை என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அவர்களுக்கு நன்றி சொல்லியிருப்பேன். என் கணக்கின் தரவுகளைப் பார்க்கும் வசதி அவர்களிடம் இருந்தது, பெரிய திட்டத்தை விற்பதில் காட்டிய அக்கறையை அதில் காட்டவில்லை. மேலும் எவ்வளவு துடைத்தாலும் கடலைத் தாண்டும் முக்கால் நொடி அப்படியே இருந்திருக்கும்.

கிளவுட்ஃபிளேர் (தளத்தின் நகலைப் பல ஊர் சர்வர்களில் வைத்து வாசகருக்குப் பக்கத்திலிருந்து கொடுக்கும் சேவை) இலவசமாக இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்றும் யாராவது எழுதுவார்கள். நானும் போட்டிருந்தேன். இயல்பான அமைப்பில் அது படம், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் போன்றவற்றைத்தான் சேமித்து வைக்கும், எச்டிஎம்எல் பக்கத்தை ஒவ்வொரு முறையும் மூல சர்வரிடம் போய்த்தான் கேட்கும். விதி எழுதி அதையும் சேமிக்க வைக்கலாம், தெரிந்தவர்கள் செய்யுங்கள்.

ஷேர்ட் ஹோஸ்டிங்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் மைத்துனர் சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கிறார். அவருடைய தளத்தில் ஐந்து பக்கம், நாளைக்கு ஐம்பது பேர் வந்தால் அதிகம். இந்தியாவில் சர்வர் உள்ள ஒரு ஷேர்ட் கணக்கில் அது அருமையாக ஓடுகிறது, அவரை நான் மாறச் சொன்னதில்லை. விபிஎஸ் எடுத்தால் பாதுகாப்பு அப்டேட், பேக்கப், எல்லாம் நம் தலையில். மூன்றாவது வாரம் அதிகாலை இரண்டு மணிக்கு நினைவகம் போதாமல் மைஎஸ்க்யூஎல் (தரவுத்தள மென்பொருள்) நின்றுபோனது. பிஎச்பிக்கு நான் 20 பிராசஸ் அனுமதித்திருந்தேன், 1 ஜிபி-யில் அதற்கு இடமில்லை. 6 ஆகக் குறைத்து, 2 ஜிபி ஸ்வாப் (நினைவகம் போதாதபோது கைகொடுக்கும் வட்டு இடம்) வைத்தேன். 6 இடம், 0.2 நொடி என்றால் நொடிக்கு 30 பக்கம். பழைய 10-ஐ விட மூன்று மடங்கு. விடைக்குறிப்பு போன்ற மாறாத பக்கங்களை என்ஜின்எக்ஸ் (பக்கங்களை வாசகருக்கு அனுப்பும் மென்பொருள்) தன் கேஷிலிருந்தே, அதாவது சேமித்து வைத்த நகலிலிருந்தே, கொடுத்துவிடுகிறது, அவை பிஎச்பி பக்கம் போவதே இல்லை.

2024 ஜூன் 9, மறுபடி குரூப் 4. அன்று மாலை முழுவதும் சர்வர் சுமையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு முறைகூட விழவில்லை.

ஆனால் அன்று வேறொன்று நடந்தது, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் போட்ட விடைக்குறிப்பை நாற்பது நிமிடத்தில் பிடிஎஃப் ஆக்கி, தங்கள் முத்திரையைப் போட்டு, டெலிகிராம் குழுக்களில் சுற்றவிட்டார்கள். நாங்கள் தவறாகப் போட்டு, ஐந்து மணிக்குத் திருத்திய இரண்டு விடைகள் அந்தப் பிடிஎஃப்-களில் திருத்தப்படாமல் இன்றும் சுற்றுகின்றன. மாணவர்கள் அதைப் பார்த்து மதிப்பெண் கணக்குப் போட்டிருப்பார்கள். எடுப்பவர்கள் பக்கத்தின் முகவரியை மட்டும் பகிர்ந்திருந்தால் திருத்தமும் போய்ச் சேர்ந்திருக்கும். இப்போது அந்த முகவரி நொடியில் திறக்கிறது, "உங்க சைட் ஸ்லோ" என்ற சாக்கும் இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பணம் கட்டுவதற்கு முன் மூன்று எண்களை எடுங்கள்: அதிகாலை நான்கு மணிக்கு முதல் பைட் நேரம், இரவு எட்டரைக்கு அதே பக்கத்தின் முதல் பைட் நேரம், சர்வர் வரை பிங். இரவில் மட்டும் கூடுகிறது என்றால் நெரிசல், இடம் மாறுங்கள். இரண்டு நேரமும் ஒரேபோல 2 நொடி, பிங் 40-க்குள் என்றால் கோளாறு பெரும்பாலும் உங்கள் தரவுத்தளத்தில் இருக்கும், மாறினாலும் பாதி உங்களோடு வரும். பிங் 200-க்கு மேல் என்றால் அதே நிறுவனத்திடமே இந்திய சர்வருக்கு மாற்றித் தரக் கேட்டுப் பாருங்கள், சிலர் காசு வாங்காமல் செய்கிறார்கள். எண்களைக் கீழே எழுதினால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். வார நாளில் இரவு ஒன்பதுக்கு மேல்தான் எனக்கு நேரம் கிடைக்கும்.