உள்ளூர் வரலாற்றுக் குழுக்களால் உண்மையில் என்ன பயன்?

மதுரையின் பசுமைநடையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2010-இல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டத்துக்கு எதிர்ப்பு கிளம்பியபோது உருவான குழு இது. ஞாயிறு காலையில் ஏதாவதொரு குன்றுக்குக் குடும்பம் குடும்பமாகப் போவார்கள். விவரம் தெரிந்தவர் அங்கேயே நின்று வரலாற்றை விளக்குவார்.

கீழக்குயில்குடி சமணர் மலையில் பேச்சிப்பள்ளம் என்றொரு இடம். பாறையில் வரிசையாகச் சமண குருமார்களான தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள்; கீழே வட்டெழுத்து எனும் பழைய தமிழ் எழுத்தில், செய்வித்தவர்களின் பெயர்கள். படிக்கத் தெரிந்தவர் காட்டும்வரை நமக்கு அது வெறும் கீறல்தான் (பக்கத்திலேயே தன் பெயரைக் கிறுக்கிவைக்கும் ஆட்களும் உண்டு!). கிரானைட் குவாரிகள் மலைகளையே தின்ற மாவட்டம் இது. இங்கே வேலி, அறிவிப்புப் பலகையைவிட ஊர்க்காரர்களின் நடமாட்டமே நல்ல காவல் என்பது என் கருத்து.

போவதானால் அடிவாரத்து அய்யனார் கோயில் பக்கமாக, வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள்.