வட்டிக்கு வரம்பு கட்டும் உரிமை யாருக்கு?

வாசகர் கேள்விகள்: சட்டப் பகுதி

ஈரோடு வாசகர் ஒருவர்: தனியாரிடம் கடன் வாங்கிய என் மாமாவுக்குக் கந்துவட்டித் தடைச் சட்டத்தின்கீழ் நிவாரணம் கிடைத்தது. என் கிரெடிட் கார்டு பாக்கிக்கு வங்கி மாதம் 3.5 சதவீதம் போடுகிறது. எங்கள் ஊர்க் கணக்கில் மூன்றரை வட்டி. அந்தச் சட்டத்தை வங்கிமீது பயன்படுத்த முடியாது என்கிறார் வழக்கறிஞர். அநியாய வட்டி யார் வாங்கினாலும் அநியாயம்தானே, ஐயா?

பதில்: வழக்கறிஞர் சொன்னது சரி, உங்கள் கேள்வியில் உள்ள நியாயமும் சரி. இரண்டும் ஏன் ஒட்டவில்லை என்பதை அறிய ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் சட்டம் இயற்றும் அதிகாரத்தைப் பிரித்துத் தரும் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைப் பார்க்க வேண்டும். பணக்கடன் தொழிலும் வேளாண் கடன் நிவாரணமும் மாநிலப் பட்டியலில் 30ஆவது இனமாக உள்ளன. வங்கித்தொழில் ஒன்றியப் பட்டியலில் 45ஆவது இனமாக உள்ளது. தமிழ்நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பணக்கடன் கொடுப்போர் சட்டமும், நாள் வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லித் தடுத்து மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம்தரும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் மாநிலப் பட்டியலிலிருந்து பிறந்தவை. உங்கள் மாமாவைக் காத்த அந்தச் சட்டத்தின் கை வங்கி வாசல்வரை நீளாது.

முன்பு வேறொரு வழி இருந்தது. 1918ஆம் ஆண்டின் மிகைவட்டிக் கடன்கள் சட்டம், வட்டி மிகையாகவும் பரிவர்த்தனை நியாயமற்றதாகவும் இருந்தால் கடன் கணக்கை மீண்டும் திறந்து பார்க்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குத் தந்தது. 1984 பிப்ரவரி 15 அன்று வங்கித்தொழில் ஒழுங்குமுறைச் சட்டத்தில் 21ஏ என்னும் பிரிவு நடைமுறைக்கு வந்தது. அந்த 1918ஆம் ஆண்டுச் சட்டத்திலோ கடன்பாடு பற்றிய எந்த மாநிலச் சட்டத்திலோ என்ன சொல்லியிருந்தாலும், வங்கி வாங்கிய வட்டி மிகையானது என்ற காரணத்துக்காக எந்த நீதிமன்றமும் அந்தக் கணக்கைத் திறக்கக் கூடாது என்று அப்பிரிவு கூறுகிறது. அன்று கடன் வட்டியைப் பெரும்பாலும் ரிசர்வ் வங்கியே நிர்ணயித்து வந்தது. ஆகவே ஒவ்வொரு நீதிமன்றமும் தன் மனம்போல் ஒரு விகிதத்தைச் சொன்னால் வங்கிமுறை குலையும் என்ற வாதத்துக்குப் பொருள் இருந்தது. ஆனால் 1994 அக்டோபரில் 2 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடன்களுக்கு வட்டியை முடிவு செய்யும் உரிமை வங்கிகளுக்கே விடப்பட்டது. 2010 ஜூலையில், ஒவ்வொரு வங்கியும் தன் குறைந்தபட்சக் கடன் வட்டியைத் தானே அறிவிக்கும் அடிப்படை விகித முறை வந்தபோது சிறு கடன்களுக்கு இருந்த உச்சவரம்பும் போயிற்று. வேலியை எடுத்துவிட்டார்கள்; நீதிமன்றக் கதவில் போட்ட பூட்டு மட்டும் அப்படியே தொங்குகிறது. என்னை உறுத்துவது இதுதான்.

உங்களைப் போன்ற கார்டுதாரர்களின் குறை ஒருமுறை கேட்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். தேசிய நுகர்வோர் ஆணையம் 2008 ஜூலையில், ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கிரெடிட் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிக நடைமுறை என்று தீர்ப்பளித்தது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. தீர்ப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. ஏறத்தாழ 16 ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வட்டிக்கு உச்சவரம்பு கட்டுவது ரிசர்வ் வங்கியின் வேலை, ஒப்பந்தத்தில் இருதரப்பும் ஏற்ற விகிதத்தைத் திருத்தி எழுத ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை, 21ஏ பிரிவும் குறுக்கே நிற்கிறது என்பவை அதன் காரணங்கள். ஆகவே மாதம் 3.5, அதாவது ஆண்டுக்கு 42 சதவீதம் மிகை என்ற ஒரே வாதத்தோடு இன்று நீங்கள் வழக்குப் போட்டால் அது நிற்காது.

திருச்சி வாசகர்: அப்படியானால் வங்கி எந்தக் கணக்குப் போட்டாலும் நீதிமன்றம் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதானா?

பதில்: இல்லை. "வட்டி அதிகம்" என்பது ஒரு வாதம். "விதியை மீறி வட்டி போட்டிருக்கிறார்கள்" என்பது வேறொரு வாதம். முதலாவதற்குத்தான் 21ஏ தடை. வேளாண் கடனுக்குக் காலாண்டுதோறும் வட்டியை அசலில் ஏற்றியது தொடர்பான கார்ப்பரேஷன் வங்கி வழக்கில் 1994இலும், சென்ட்ரல் வங்கிக்கும் ரவீந்திராவுக்கும் இடையிலான வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசமைப்பு அமர்வு 2001இலும், ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல்கள் வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்றும், அவற்றை மீறி வாங்கிய வட்டியில் நீதிமன்றம் தலையிடலாம் என்றும் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அபராத வட்டியை அசலோடு சேர்த்து, அதற்கும் வட்டி போடக் கூடாது என்பதும் அந்த 2001ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உண்டு. ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் இன்னும் ஒரு படி மேலே சென்று, கிரெடிட் கார்டு நீங்கலான கடன்களில் தவணை தவறினால் வாங்கும் தொகை கட்டணமாக மட்டுமே இருக்க வேண்டும், வட்டி விகிதத்தில் அதை ஏற்றக் கூடாது என்று உத்தரவிட்டது. 2024 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. உங்கள் கணக்கு அறிக்கையில் இந்த விதி மீறப்பட்டிருந்தால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

தஞ்சாவூர் வாசகர்: பயிர்க்கடனுக்கும் இதே நிலைதானா?

பதில்: சற்று வேறு. 2018 பிப்ரவரியில் ஜெயந்த் வர்மா வழக்கில் 21ஏ பிரிவு செல்லும் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், வேளாண் கடன் நிவாரணம் மாநிலங்களுக்கே உரிய துறை என்பதையும் வலியுறுத்தியது. வங்கிக்குத் தர வேண்டிய வேளாண் கடனையும் சேர்த்து ஒரு மாநிலம் நிவாரணச் சட்டம் இயற்றியிருந்தால், அந்த அளவுக்கு 21ஏ விலகி நிற்கும். சட்டத்தில் வங்கிக் கடன் விலக்கப்பட்டிருக்கிறதா என்பதை அந்தந்தச் சட்டத்தைப் பிரித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

திருவண்ணாமலை வாசகி: எங்கள் மகளிர் குழுவுக்குக் கடன் கொடுத்தது வங்கி அல்ல, ஒரு நிதி நிறுவனம். அதன்மீது மாநிலச் சட்டம் பாயுமா?

பதில்: நீண்ட காலம் பதில் தெரியாமல் கிடந்த கேள்வி இது, அம்மா. கேரளம் தன் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், தங்க நகைக்குக் கடன் தரும் நிதி நிறுவனங்களும் உரிமம் பெற வேண்டும், மாநிலம் சொல்லும் வட்டிக்கு மேல் வாங்கக் கூடாது என்றது. கேரள உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. குஜராத் உயர் நீதிமன்றமோ அங்குள்ள 2011ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய நிறுவனங்களுக்குப் பொருந்தாது என்றது. இரண்டையும் சேர்த்து விசாரித்த உச்ச நீதிமன்றம் 2022 மே 10 அன்று, நெடும்பிள்ளி நிதி நிறுவன வழக்கில் முடிவு சொன்னது. பதிவு முதல் மூடுவிழா வரை ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் இருக்கும் நிறுவனத்தின்மீது மாநிலத்தின் பணக்கடன் சட்டம் செல்லாது என்பதே அம்முடிவு. ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் நிதி நிறுவனங்களைப் பற்றிய மூன்றாம்-பி அத்தியாயம் அந்தக் களத்தை முழுவதும் எடுத்துக்கொண்டுவிட்டது என்பது அதற்கு அடிப்படை.

இதன் பாதிப்பு ஆந்திரத்தில் நன்றாகத் தெரிந்தது. குழுக் கடன் வசூலின் கொடுமையையும் தற்கொலைகளையும் கண்டு அம்மாநிலம் 2010 அக்டோபரில் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. நுண்கடன் நிறுவனங்கள் மாவட்ட அளவில் பதிவு செய்ய வேண்டும், மொத்த வட்டி அசலைத் தாண்டக் கூடாது என்று அது விதித்தது. 2023இல் தெலங்கானா உயர் நீதிமன்றம், ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிறுவனங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. நுண்கடனுக்கு ரிசர்வ் வங்கி 2011இல் விதித்த 26 சதவீத உச்சவரம்பும் பிறகு மாற்றப்பட்டு, 2022 மார்ச்சில் வட்டி வரம்பே முழுமையாக விலக்கப்பட்டது. இன்றுள்ள விதி, வட்டி கொள்ளையாக இருக்கக் கூடாது என்கிறது. எத்தனை சதவீதத்தைத் தாண்டினால் கொள்ளை என்று சொல்லவில்லை. 2024 அக்டோபரில் நான்கு நிறுவனங்கள் மிகை வட்டி வாங்குவதாகக் கண்டு, புதுக் கடன் கொடுப்பதையே ரிசர்வ் வங்கி நிறுத்தியது. அந்த நடவடிக்கையை மனமார வரவேற்கிறேன். ஆனாலும் மாநிலத்தின் கையைக் கட்டிய பிறகு, எண் சொல்லும் பொறுப்பை ரிசர்வ் வங்கி ஏற்காமல் இருப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து தவணைப் பணம் எண்ணும் ஒரு பெண்ணுக்கு, எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

உங்களுக்கு உதவக்கூடிய விதி ஒன்று உண்டு. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துக்கு, ஈடு இல்லாமல் தரும் கடனே நுண்கடன். அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உங்கள் குழுவில் யாருக்கேனும் தாண்டியிருந்தால், குறைதீர்ப்பாளருக்கு எழுதும் புகாரில் முதல் வரியாக அதைச் சேருங்கள்.

சென்னை சட்டக் கல்லூரி மாணவர்: வட்டி வரம்பை மாநிலமே விதிக்கும் அமெரிக்காவில் வங்கிகள் அதற்குக் கட்டுப்படுகின்றனவா?

பதில்: பெரும்பாலும் எந்த மாநிலத்தின் வரம்புக்குக் கட்டுப்படுவது என்பதை வங்கியின் இருப்பிடம் முடிவு செய்கிறது. நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரத்து வங்கி ஒன்று மின்னசோட்டா மக்களுக்கு கிரெடிட் கார்டு கொடுத்தது. மின்னசோட்டாவின் வரம்பு 12 சதவீதம். நெப்ராஸ்காவில் 18 சதவீதம் வரை வாங்கலாம். 1978இல் மார்க்வெட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், 1864ஆம் ஆண்டு தேசிய வங்கிச் சட்டத்தின்படி, வங்கி அமைந்துள்ள மாநிலத்தின் விகிதத்தையே அது எங்கும் வாங்கலாம் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தெற்கு டகோட்டா மாநிலம் வரம்பை நீக்கியதும், சிட்டி வங்கி நியூயார்க்கிலிருந்த தன் கார்டு பிரிவை அங்கே கொண்டுபோயிற்று. 1980இல் மாநில வங்கிகளுக்கும் அதே சலுகை தரப்பட்டது. வேண்டாத மாநிலம் அதிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்ற ஒரு வாசலும் விடப்பட்டது. அந்த வாசலைக் கொலராடோ மாநிலம் 2023இல் பயன்படுத்தியது. விலகல், அந்த மாநிலத்தில் தரப்பட்ட கடன்களுக்கே பொருந்தும். கடன் "தரப்பட்ட இடம்" வங்கியின் ஊரா, வாங்கியவரின் ஊரா என்பதே வழக்கு. கீழ் நீதிமன்றம் 2024இல் வங்கிகள் பக்கம் நின்று தடை விதித்தது; 2025 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கொலராடோவின் பக்கம் நின்று அதை நீக்கியது. நம் நாட்டில் சண்டை ஒன்றியத்துக்கும் மாநிலத்துக்கும் நடுவே. அங்கே அதோடு மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும் நடுவேயும் நடக்கிறது.

கரூர் வாசகர்: ஆண்டுக்கு 12 சதவீதம் என்று சொல்லித்தான் கடன் கொடுத்தார்கள். கணக்குப் பார்த்தால் அதிகம் வருகிறதே?

பதில்: 50,000 ரூபாய்க்கு 6,000 வட்டி சேர்த்து, 56,000 ரூபாயை 12 தவணையாகப் பிரித்திருப்பார்கள். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வரும்போது முழு அசலுக்கும் ஆண்டு முழுவதும் வட்டி போடுவதால், உண்மை விகிதம் ஏறத்தாழ 21.5 சதவீதம். 2024 அக்டோபர் முதல் புதிதாகத் தரும் சில்லறைத் தவணைக் கடன் ஒவ்வொன்றுக்கும், கட்டணங்கள் உட்பட உண்மையான ஆண்டு விகிதத்தைக் காட்டும் முக்கிய விவரத் தாளை, நமக்குப் புரியும் மொழியில் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும். உங்கள் கடன் அதன் பிறகு வாங்கியது என்றால் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இன்றி அவர்கள் வசூலிக்க முடியாது.