செயற்கை இழை ட்ரெட்லாக்ஸ் (திரிதிரியாக முறுக்கிய சடைமுடி) அணியும் பழக்கம் எப்படித் தொடங்கியது?

இதில் முதலில் சொல்ல வேண்டியது கறுப்பினப் பெண்களின் பின்னல் கலையைத்தான். பலரும் இதை விட்டுவிடுவது எனக்கு வருத்தம். ஜப்பானின் கனேகா நிறுவனம் 1957-இல் விற்கத் தொடங்கிய கனேகலான் என்ற செயற்கை இழை, அவர்களுடைய பின்னல்களில் பல ஆண்டுகளாகப் புழங்கிவருகிறது. 1980-களின் தொடக்கத்தில் லண்டனின் ஆண்டெனா சலூனில் சைமன் ஃபோர்ப்ஸ் செயற்கை இழையைச் சொந்த முடியோடு சேர்க்கத் தொடங்கியதும் பாப் இசை உலகம் அதைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் 1990-களின் இறுதியில் சைபர்கோத் இளைஞர்கள் (மின்னணு இசையும் பளபளக்கும் உடைகளுமாகத் திரிந்த ஒரு கூட்டம்) வந்தார்கள். அவர்களுடைய சடைகளில் நியான் பச்சை, கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு!

பலர் வீட்டிலேயே செய்யப் பழகினார்கள். இழையைத் தலைகீழாகச் சீவிச் சிக்காக்கி, இறுக்கி முறுக்கி, நீராவி காட்டினால் அந்த வடிவம் அப்படியே நிற்கும். இரண்டு பக்கமும் தொங்கும் இருமுனைச் சடையை நடுவில் மடித்துச் சொந்த முடியில் பின்னிக்கொள்வார்கள்.

ஈர்த்த காரணம் எளிது: சொந்த முடியிலேயே போட்ட நிஜமான சடை பிறகு வேண்டாமென்று தோன்றினால் பெரும்பாலும் முடியை வெட்டத்தான் வேண்டும். செயற்கைச் சடையை ஓரிரு மாதத்தில் கழற்றிவிடலாம், முடிக்குச் சாயமும் வேண்டாம். எடை மட்டும் கூடக்கூடாது, வேர்க்கால் இழுபட்டு முடி கொட்டும்.